போட்டோவுக்கு உட்கார்ந்தவள்

வரட்டும். ஏறி வரட்டும். கீழே ரோட்டிலிருந்து என் வாசலுக்கு ஐந்து வளைவு. பழகின காலுக்குக் கால்மணி நேரம், பழகாத கிழட்டுக் காலுக்கு முக்கால் மணிகூடப் பிடிக்கும். மூச்சு வாங்கட்டும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வரட்டும், எனக்கென்ன. டீக்கடை பெள்ளி இப்போதுதான் போன் பண்ணினான். "மேரிக்கா, சிலோன்ல இருந்து ஒரு பெரியவர் வந்திருக்கார். அந்தோணி மக சந்தனமேரி வீடு எதுன்னு கேட்டார், மேலே கை காட்டி விட்டிருக்கேன். தடி ஊனிக்கிட்டு வர்றார் பாவம். உங்க சொந்தமா?" தெரியலையே பெள்ளி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். தெரியாமல் என்ன. இந்த உலகத்தில் அந்தோணி மக சந்தனமேரி என்று கேட்டுக்கொண்டு சிலோனிலிருந்து என்னைத் தேடி வரக்கூடிய கிழவன் ஒருத்தன்தான் இருக்கிறான். அந்தப் பேரை என் தலையில் கட்டிக் கப்பலேற்றியவன். என் கூடப் பிறந்த அண்ணன் வேலாயுதம். நாற்பத்தாறு வருஷம் கழித்து வழி தெரிந்திருக்கிறது துரைக்கு. வாசலுக்கு வந்து பார்க்கிறேன். தேயிலைக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை, முதல் வளைவுக்குக் கீழே, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் நகர்கிறது. இந்த ஏற்றத்தில் யார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாலும் இறங்கிப் போய்ப் பையை வாங்கிக்கொள்வேன், கை கொடுப்பேன். ஓட்டுக் கேட்டு வருகிறவனுக்குக்கூடக் கொடுத்திருக்கிறேன். இவனுக்குக் கிடையாது. பீன்ஸ் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், வேடிக்கை பார்க்க.

என் பேர் தெய்வானை. இதை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆயிற்று. ரேஷன் கார்டில் சந்தனமேரி, ஓட்டர் கார்டில் சந்தனமேரி, தோட்டத்துப் பேரேட்டில் சந்தனமேரி, என் கல்யாணப் பத்திரிகையில் சந்தனமேரி, நாளைக்குச் செத்தால் பாடையில் போவதும் சந்தனமேரிதான். கிறிஸ்துமஸ் வந்தால் மாதா கோயில் பட்டியலில் பேர் இருக்கிறதென்று கேக் பொட்டலம் வரும், நெற்றி நிறையத் திருநீறோடு போய் வாங்கிக்கொண்டு வருவேன். ஒரு தடவை ஆபீசில் ஒரு கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேரு மேரி, நெத்தியில பட்டை, எங்கயோ உதைக்குதேம்மா" என்றான். உதைக்கத்தான் செய்கிறது ஐயா, பதினெட்டு வயசிலிருந்து உதைத்துக்கொண்டே இருக்கிறது. கட்டின மனுஷன் கதிரேசனிடம் மட்டும் ஒரு மழை நாளில் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் தெய்வானை என்று கூப்பிடுங்கள் என்று கேட்டேன். பாவம், கூப்பிட்டுப் பார்த்தார். யாரோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி கூச்சத்தோடு வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அப்புறம் நான் அழுதேன். அதற்கப்புறம் சாகும்வரைக்கும் என்னைப் "புள்ள" என்றுதான் கூப்பிட்டார். அவர் போய் ஆறு வருஷம். திருப்பூரில் இருக்கிற என் மகளுக்கு இந்தக் கதை தெரியாது. என்னைத் தெய்வானை என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் போயாகிவிட்டது. ஒருத்தனைத் தவிர. அந்த ஒருத்தன் இப்போது முதல் வளைவில் தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறான். அதுதான் என்னை நாற்காலியில் உட்காரவிடாமல் பண்ணுகிறது. அவன் வாயைக் கிழிக்க வேண்டும் போலவும் இருக்கிறது. அந்த வாயிலிருந்து அந்தப் பேரை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் போலவும் இருக்கிறது. ச்சீ, மானங்கெட்ட மனசு.

நார் உரிக்க உரிக்க விரலில் பச்சை ஏறுகிறது. முகம்கூடத் தெரியாத தூரத்தில் அவன் நடையை மட்டும் பார்க்கிறேன், இடது தோளைச் சாய்த்து நடக்கிற அதே நடை. அந்தத் தோளில்தான் என்னை உட்காரவைத்துத் தோட்டம் முழுக்கச் சுற்றினான். பண்டாரவளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம், வரிசை வீடாகக் கட்டின லயத்தில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. அம்மா எனக்குப் பன்னிரண்டு வயசில் போனாள், அப்பா பதினாறில். போவதற்கு முன்னால் அப்பா நாயாய் அலைந்து எங்கள் இரண்டு பேருக்கும் சிலோன் பிரஜாவுரிமை வாங்கி வைத்துவிட்டுப் போனார். தாள் இருக்கு, இனி ஒங்கள யாரும் அசைக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அடுத்த காம்பராவில் அந்தோணி மாமா குடும்பம். இரண்டு சர்க்காரும் எங்கள் ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது அவர்களுக்கு இந்தியாவுக்குத்தான் விழுந்தது. மாமா, ஞானம்மா மாமி, மகள் சந்தனமேரி, மூன்று பேருக்கும் ஒரே கார்டு, ஒரே பாஸ்போர்ட், ஒரே படம். குடும்பமாக உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அந்தப் பாஸ்போர்ட்டில் ஒட்ட வேண்டும். அந்த நாள் எனக்கு அச்சு மாறாமல் ஞாபகம் இருக்கிறது. அண்ணன் விடியற்காலையே என்னை எழுப்பினான். "மேரிக்கு நெருப்புக் காய்ச்சல், எழும்பவே முடியல. இன்னிக்குப் படம் எடுக்கலன்னா தவணை போயிரும்னு மாமா அழுறாரு. நீயும் அவளும் ஒரே ஒசரந்தானே, நீ போய் ஒக்காந்து குடுத்துட்டு வா தங்கச்சி, ஒரு நிமிசந்தான்" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினெட்டு வயசு வரைக்கும் என்னை யாரும் படம் எடுத்ததில்லை. மேரியின் ரோஸ் சேலையைக் கட்டிக்கொண்டேன். அண்ணன் தன் கையாலேயே எனக்குப் பவுடர் போட்டுவிட்டான், காதோரத்தில் அப்பியிருந்ததைக்கூடத் துடைத்துவிட்டான். அவ்வளவு அக்கறை. டவுனில் ஸ்டுடியோக்காரன் துணியில் வரைந்த ஒரு மலைக்கு முன்னால் எங்களை உட்காரவைத்தான். மலையிலிருந்து இறங்கி வந்து துணி மலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்கக் கூடாது, காது ரெண்டும் தெரியணும்" என்று அதட்டினான். நான் காதைக் காட்டிக்கொண்டு, மாமாவுக்கும் மாமிக்கும் நடுவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவின் கை என் தோளில் இருந்தது, நடுங்கிக்கொண்டே இருந்தது. ஏன் என்று யோசிக்கவில்லையே நான். ஒரு படத்துக்கு உட்காருவதால் ஒருத்திக்கு என்ன ஆகிவிடும் என்று யாருக்குத்தான் தோன்றும்.

மூன்று மாசம் கழித்து, கப்பலுக்கு நாள் வந்ததும் அண்ணன் என் காலடியில் உட்கார்ந்தான். மேரி எவனோடோ ஓடிப்போய்விட்டாளாம். படத்தில் இருப்பது என் மூஞ்சியாம். நான் போகாவிட்டால் மாமாவும் மாமியும் போக முடியாதாம், விசா முடிந்து போலீஸ் வந்து கிழடு கட்டைகளைப் பிடித்து உள்ளே போட்டுவிடுமாம். "ராமேஸ்வரத்துல எறங்கிட்டு அடுத்த கப்பல்லயே திரும்பிரு. நான் தலைமன்னார்ல வந்து நிப்பேன். யாரு ஒன்னய என்னா கேக்கப் போறாங்க?" பஸ் போனால் திரும்பி வருகிறது, கப்பலும் அப்படித்தான் என்று நம்பினேன். நம்பி, இரண்டே இரண்டு மாற்றுச் சேலையோடு போனேன். ஸ்டேஷனுக்கு வந்து ஜன்னல் வழியாக ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தான். ரயில் நகர்ந்ததும் கூடவே ஓடி வந்தான், பாசம் பொங்கி ஓடுகிறான் என்று நினைத்தேன். நான் இறங்கிவிடுவேனோ என்று பார்க்க ஓடியிருக்கிறான் நாய். தலைமன்னார்த் துறையில் ஒரு ஆபீசர் படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, சந்தனமேரி என்று வாசித்தான். நான் பேசாமல் நின்றேன். மாமா என் கையைக் கிள்ளினார். ம், என்றேன். அந்த ஒரு ம்-தான், அதோடு முடிந்தது. கரை கண்ணுக்கு மறைந்த பிறகு ஞானம்மா மாமி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்குத் திரும்பக் கப்பலு கெடையாதுடி. எம்மக எவங்கூடயும் ஓடல. ஒங்கண்ணங்கூடத்தான் இருக்கா. அவளுக்கு அங்க இருக்கத் தாள் வேணும்ல, அதுக்கு ஒன் பேர எடுத்துக்கிட்டான். இனி அங்க அவதான் தெய்வானை. நான் பெத்தவளயும் பறிச்சிட்டு ஒன்னய என் தலையில கட்டிட்டான் பாவி" என்று சொல்லிவிட்டு வாந்தி எடுத்தாள். கடலையே அன்றைக்குத்தான் பார்க்கிறேன். குதிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. குதித்தால் அவனுக்கு இன்னும் வசதி என்று அடுத்து தோன்றியது. அதற்குப் பிறகு இன்றுவரை நான் உயிரோடு இருப்பதற்கு அந்த இரண்டாவது யோசனைதான் காரணம். தாளில் பார்த்தால் அங்கே அவளும் அவனும் அண்ணன் தங்கச்சி. பிள்ளை பிறந்தபோது தோட்டத்து ஆபீசில் என்ன என்று எழுதினான்? இதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன், கொழுந்து எடுக்கிற மலையில், பக்கத்து நிரைக்காரி பயந்து பார்க்கிற அளவுக்கு.

இரண்டாவது வளைவைத் தாண்டிவிட்டான். பரவாயில்லை, கிழவனுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. எதிர்ச் சரிவில் மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் அரை மணியில் மழை வரும். இந்த ஐப்பசி கார்த்திகை மழை எங்கள் தோட்டத்திலும் இதே மாசத்தில்தான் வரும். வந்த முதல் வருஷம் மழை தொடங்கினபோது, இதுவாவது என் பின்னாலேயே வந்ததே என்று மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரி, இங்கே கால் வைத்ததிலிருந்து சிலோன்காரி. இந்த மலைக்கு எங்களைச் சர்க்கார் கொண்டுவந்து இறக்கினபோது இங்கே ஒரு தேயிலைச் செடி கிடையாது, காடு. அந்த வெட்டின காட்டில் குழி தோண்டி, நாற்று வைத்து, நிழலுக்குச் சில்வர் ஓக் வைத்து, இடுப்பு உயரம் வரும்வரைக்கும் காத்திருந்து, கொழுந்து எடுத்தது நாங்கள். இரண்டு இலை ஒரு மொட்டு, கிள்ளுகிற ஒவ்வொன்றும் அவன் கழுத்து. பொய் சொல்லவில்லை, அப்படி நினைத்துத்தான் கிள்ளுவேன், அதனால்தான் எப்போதும் என் கூடைதான் முதலில் நிறையும். ஆட்கள், மேரி கை வேகம் யாருக்கும் வராது என்பார்கள். முதல் இரண்டு வருஷத்தில் அவனிடமிருந்து மூன்று கடுதாசி வந்தன. தெய்வானை, மேற்பார்வை அந்தோணி, என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தபால்காரர் என்னிடமே வந்து கேட்டார். அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று சொல்லி மூன்றையும் திருப்பி அனுப்பினேன். ஒன்றையாவது பிரித்திருக்கலாமா? என்ன எழுதியிருப்பான், நலம், நலமறிய ஆவல் என்றா? அடுத்த கப்பலுக்குத் தலைமன்னாரில் வந்து நிற்கிறேன் என்றா? அதற்குப் பிறகு கப்பலே நின்றுபோய்விட்டது, அங்கே சண்டை, கடுதாசியும் இல்லை. மாமாவும் மாமியும்கூட அங்கே தங்கின மகளுக்கு ஒரு வரி எழுதாமலேயே போய்ச் சேர்ந்தார்கள். செத்திருப்பான் என்றும் சில வருஷம் நினைத்தேன். அப்படி நினைத்த நாட்களில் என் கை வேகம் குறைந்துபோனது.

அய்யோ. மூன்றாவது வளைவுக்கு மேலே, சில்வர் ஓக் ஓரத்தில், ஒரு காட்டெருமை நிற்கிறது. ஒற்றை. கூட்டமாக வந்தால் பயமில்லை, மேய்ந்துவிட்டுப் போய்விடும். ஒற்றையாகத் திரிகிற கிழட்டு ஆண்தான் ஆபத்து, போன மாசிகூட விறகுக்குப் போன ஒரு பெண்ணைத் தூக்கி எறிந்தது. அவனுக்கு அது தெரியாது, தலையைக் குனிந்து பாதையைப் பார்த்து வருகிறான். அவர்கள் தோட்டத்தில் சிறுத்தை உண்டு, பன்றி உண்டு, இது கிடையாது. இன்னும் இருபது முப்பது எட்டு வைத்தால் நேரே முன்னால் போய் நிற்பான். குத்தட்டும். என் நெஞ்சு அப்படித்தான் சொன்னது, சத்தமாகச் சொன்னது, குத்தட்டும் என்று. தூக்கி அந்தத் தேயிலைக்குள் எறியட்டும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், இந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், கடவுளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார். பெள்ளி கேட்டால், நான் உள்ளே இருந்தேன் பார்க்கவில்லை என்று சொல்லலாம். பத்து எட்டு வைத்துவிட்டான். எருமை காதை ஆட்டுகிறது. எந்த ஊரில் எந்த மண்ணில் புதைப்பது இவனை, சொந்தக்காரர் யார் என்று போலீஸ் கேட்டால் யார் கையெழுத்துப் போடுவது, சந்தனமேரியா, சந்தனமேரிக்கு இவன் யார்? இருபது எட்டு. நான் எழுந்தது எனக்குத் தெரியாது. பீன்ஸ் எல்லாம் முற்றத்தில் கொட்டிக் கிடக்கிறது, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்படியிலிருந்து எப்போது எடுத்தேனென்றே தெரியாத அகப்பையால் மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கிறேன், தொண்டை கிழிய ஹோய் ஹோய் என்று கத்துகிறேன். எருமை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, அலட்சியமாகத் திரும்பி ஓடைப் பக்கம் இறங்கிப் போனது. அவனும் நிமிர்ந்து பார்த்தான். எருமையைப் பார்க்கவில்லை. யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அந்தத் தடியைத் தூக்கி ஆட்டினான். எனக்கு உடம்பெல்லாம் ஆத்திரம். அந்த எருமை என் பீன்ஸ் பாத்தியை மிதித்துவிடும் என்றுதான் தட்டினேன், வேறொன்றும் இல்லை. குனிந்து பீன்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், ஒன்று எடுத்தால் இரண்டு விழுந்தது.

இனிமேல் என்ன சொல்வது. நாற்பத்தாறு வருஷமாக எத்தனை விதமாகப் பேசி வைத்திருக்கிறேன். வாசலில் நிற்க வைத்தே, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை அவன் மூஞ்சியில் வீசுவது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். மகள் பிறந்த வருஷம், குழந்தையைக் கையில் கொடுத்து, இதற்கு நீ தாய்மாமன், மொட்டை போட உன்னைத் தேடினோம், எங்கே போயிருந்தாய் என்று கேட்டுக் கொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல், சோறு போட்டு, அவன் சாப்பிடுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பது என்று. கதிரேசன் செத்த பிறகு, அழுதுவிடலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன், அதை அடுத்த நாளே அழித்துவிட்டேன். நாலாவது வளைவு. இப்போது இருமல் கேட்கிறது. அப்பா இருமுகிற இருமல். முகத்தைக் கழுவிக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. தலையை வாரினேன். கண்ணாடியில் பார்த்தால் மூக்கு அப்படியே அம்மாவின் மூக்கு, நடுவில் சின்ன மேடு, அவனுக்கும் அதே மூக்குதான். பல் மூன்று போயிருக்கிறது, வெயிலில் கறுத்திருக்கிறேன், இருந்தாலும் தெரியாதா? பன்னிரண்டு வயசிலிருந்து சோறு ஊட்டின கைக்குத் தெரியாதா? வாசலுக்கு வந்ததும் அவனாகப் பார்த்துத் தெய்வானே என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் நாற்பத்தாறு வருஷமும் ஒரே நொடியில் கரைந்துபோகும், எனக்குத் தெரியும், என் லட்சணம் எனக்குத் தெரியும். சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் போய் நின்றேன்.

வந்துவிட்டான். கடைசி இரண்டு படியையும் கையை ஊன்றித் தவழ்ந்து ஏறி, நிமிர்ந்து, இரண்டு கையையும் கூப்பினான். "தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றான். கொடுத்தேன். அண்ணாந்து குடித்தான், தொண்டை ஏறி இறங்கியது. நான் வேண்டுமென்றே வெளிச்சத்தில் போய் நின்றேன். பார். நன்றாகப் பார். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது, இன்னொன்று சரியாகத்தான் இருந்தது. அந்தக் கண் என் முகத்தில் நின்றது, என் மூக்கில் நின்றது, நின்று, அப்படியே என் தோளைத் தாண்டி வீட்டுக்குள் போனது. "நான் பண்டாரவளைப் பக்கமிருந்து வாறேன். சந்தனமேரி வீட்டுல இல்லீங்களா? நீங்க அவுங்களுக்கு என்னா வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டான். பேசி வைத்திருந்த ஒரு பேச்சும் வாயில் இல்லை. வேறு ஒன்று வந்தது, அது எங்கிருந்து வந்ததென்று இப்போதும் எனக்குத் தெரியாது, அவ்வளவு சுத்தமாக வந்தது. "நாந்தான் சந்தனமேரி. ஆனா நீங்க தேடி வந்தவ நான் இல்லீங்க. அந்தப் பேர்ல கப்பல்ல வந்த பொண்ணு இங்க வந்த ரெண்டாம் வருஷமே செத்துப்போச்சு. கார்டுல மூணு தலை இருந்தாத்தான் வீடு கிடைக்கும்னு அந்தோணியப்பா ஆதரவில்லாம கிடந்த என்னை அந்தப் பேர்ல சேத்துக்கிட்டாரு." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் கதை விடாதே என்பார்கள். இவன் எப்படிச் சொல்வான்? ஒருத்தி பேரில் இன்னொருத்தியை ஏற்றி அனுப்பியவன், அதே பேரில் மூன்றாவதாக ஒருத்தி ஏறினாள் என்றால் நம்பாமல் என்ன செய்வான். நம்பினான். நான் கண்ணால் பார்க்கப் பார்க்க நம்பினான்.

தடி முதலில் விழுந்தது, அப்புறம் அவன் படியில் உட்கார்ந்தான். நான் விடவில்லை. "பத்து நாள் காய்ச்சலுங்க. கஞ்சிகூட இறங்கல. அண்ணன் தலைமன்னார்ல வந்து நிப்பான், அடுத்த கப்பல் எப்பன்னு கேட்டுச் சொல்லுங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே கிடந்துச்சாம். கடைசியில அதையும் கேக்கல." ருசி பார்த்துப் பார்த்து உப்புப் போடுகிற மாதிரி போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவன் தலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இதைத்தானே கேட்டேன், இதற்குத்தானே கடலில் குதிக்காமல் வந்தேன். இனிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் பேசினான், என்னிடம் இல்லை, தன் கால்விரலிடம். "கடுதாசி எல்லாம் ஆளு இல்லைன்னு திரும்பி வந்துச்சு. அப்பவே நெனச்சேன். நெனச்சிட்டும் இருக்காதுன்னே வச்சிக்கிட்டேன்." பிறகு, "எம் பொஞ்சாதி போன வருசம் போயிட்டா தாயி. சாவுப் பத்திரத்துல தெய்வானைன்னுதான் எழுதிக் குடுத்தேன், அவளுக்கு இருந்த தாள் அதுதான். எந்தங்கச்சி அங்க ஒரு வாட்டி செத்தா, இங்க ஒரு வாட்டி செத்திருக்கா. ரெண்டுக்கும் நாந்தான்" என்றான். அவனே தொடர்ந்தான். "பொஞ்சாதிய ஒரு நாளும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல. கணக்கப்பிள்ளை பேரேட்டுல வாசிச்சாக்கூடக் காதப் பொத்திக்குவேன். அது எந்தங்கச்சி பேரு. வந்து அவ மூஞ்சிக்கு நேரா ஒரு வாட்டி கூப்புடலாம், அப்பறம் செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு வந்தேன்." எங்கே புதைத்தார்கள் என்று கேட்டான். என் கை தானாக உயர்ந்தது, எங்கோ ஒரு பக்கம் காட்டியது. "அந்த மரத்துக்கு மேல, ரெண்டாவது நிரையில. அப்ப அங்க செடி இல்ல, அப்பறம்தான் வச்சாங்க."

தடியை எடுத்து ஊன்றிக்கொண்டு எழுந்து போனான். நான் சும்மா கை காட்டின ஒரு தேயிலைத் தூருக்கு முன்னால் போய் நின்று, கொழுந்து ஒடிந்துவிடாமல், அதன் தலையில் கையை வைத்தான். நான் பின்னாலேயே போய்ப் பத்தடி தள்ளி நின்றேன். மழை தூற ஆரம்பித்திருந்தது. "தெய்வானே" என்று கூப்பிட்டான். லயத்துக் குழாயடியிலிருந்து காம்பராவுக்குக் கூப்பிடுகிற அதே இழுப்பு, அதே குரல், ஒரு வயசுகூட ஆகவில்லை அந்தக் குரலுக்கு. "ஏ தெய்வானே. அண்ணன் வந்திருக்கேன்டி." என்னண்ணே என்பது என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டான், கூப்பிட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்துக்கொண்டு நின்றான், நிஜமாகவே பதில் வரும் என்பதுபோல. இப்போது சொல்லலாம், பத்தடிதான், ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கி இங்கே இருக்கிறேன்டா பாவி என்று சொல்லலாம். சொன்னால், பிழைத்துவந்த தங்கச்சியைக் கட்டிக்கொண்டு அவன் அழுவான், நிம்மதியாக ஊருக்குப் போவான். அந்த நிம்மதியை என்னால் கொடுக்க முடியவில்லை. அதுதான் உண்மை, அப்போதுகூட என்னால் கொடுக்க முடியவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். அவன் அந்தச் செடியைக் குனிந்து கும்பிட்டுவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்து, என் முன்னால் நின்று, மறுபடியும் கை கூப்பினான்.

"ரொம்பப் புண்ணியம் மேரியம்மா. வாறேன்" என்றான்.

பார்த்து இறங்குங்க, என்றேன்.